விருது விழாவுக்காக வெளியேற்றப்பட்ட தாய்மார்

அனுப்புநர்:
தட்டச்சுக் கடை நடத்துபவர்,
அரசு மகளிர் மருத்துவமனை எதிர்வரிசை.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை, தலைமைச் செயலகம்.

பொருள்: மகப்பேறு ஆய்வுக்கு விருது வழங்கிய விழாவை முன்னிட்டு, அந்த ஆய்வுக்கே மாறாகத் தாய்மாரை வீட்டுக்கு அனுப்பியது, ஆய்வு செய்த மருத்துவர் மீது நடவடிக்கை எடுத்தது – விசாரணை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிறருக்கு மனு தட்டச்சு செய்து கொடுப்பது என் தொழில். எனக்கென்று எழுதுவது இதுவே முதல் முறை. எங்கேனும் முறை தவறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. வருமானம் குறைந்த நாடுகளில் நடக்கும் சிறந்த மகப்பேறு ஆய்வுகளுக்கென ஓர் உலக அமைப்பு விருது தருகிறது. இவ்வாண்டு அது எங்கள் மருத்துவமனையின் பிரசவப் பிரிவு டாக்டரம்மாவுக்குக் கிடைத்தது. விழா அழைப்பிதழை என் கடையில்தான் அடித்தார்கள். ஆய்வின் சாரத்தைத் தட்டச்சு செய்தவள் நானே. பிரசவம் முடிந்ததும் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. ரத்த அழுத்தம் கூடிய தாய்மார் பலருக்கு வலிப்பு வீட்டுக்குப் போன பிறகே வருகிறது. ஆகவே குறைந்தது மூன்று நாளாவது வார்டில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்பது அதன் முடிவு. இடமில்லாத வார்டில் கட்டிலுக்கு இருவராகவும், தரையில் மெத்தை போட்டும் டாக்டரம்மா தாய்மாரைத் தங்கவைத்தார். அந்த நெரிசலால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம்.

2. விழாவுக்கு முந்தைய நாள் என் தங்கைக்கு அங்கே பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கும் ரத்த அழுத்தம் அதிகம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, தான் சொல்லும்வரை எங்கும் போகக்கூடாது என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொன்னார். தலைவலியோ கண்ணில் மங்கலோ வந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். பிறகு விருந்தினரை அழைத்துவர அவரை விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

3. அவர் கிளம்பிய பிறகு வார்டுக்குள் பெயின்டரும் பூந்தொட்டிகளும் வந்தன. தரை மெத்தைகளைச் சுருட்டி எடுத்தார்கள். தாய்மாரை மூட்டை கட்டச் சொன்னார்கள். டாக்டரம்மாவின் சொல்லை நான் எடுத்துச் சொன்னபோது நர்ஸம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "மேலிடத்து உத்தரவும்மா. கட்டிலுக்கு ஒருத்தர்தான் இருக்கணுமாம். நாளைக்கு வர்றவங்க பார்த்தா அசிங்கமா இருக்குமாம்" என்றார். எனக்கு எதிர்த்து நிற்கத் தெரியவில்லை. தங்கையின் சேலையில் ஈரப் பெயின்ட் ஒட்டியிருக்க, ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

4. மறுநாள் காலை தலை பிளக்கிறது என்றாள். ஜன்னல் முழுக்க வெயில். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, லைட்டை ஏன் அணைச்சீங்க?" என்று கேட்டாள். குழந்தையைப் பக்கத்து வீட்டு அத்தையிடம் கொடுத்துவிட்டு ஓடினோம். ஆட்டோவிலேயே வலிப்பு வந்தது. மருத்துவமனையின் பெரிய வாசலைத் தோரணம் கட்டி அடைத்திருந்தார்கள். விருந்தினர் மேடையேறிவிட்டார்கள், பின்வாசலுக்குச் சுற்றிப் போங்கள் என்றார் காவலர். என் மடியில் தங்கை வெட்டி வெட்டி இழுப்பதைப் பார்த்த பிறகும் அதையே சொன்னார். நான் போட்ட சத்தம் விழா அரங்கம்வரை கேட்டிருக்கிறது.

5. மேடையில் விருதுக்குத் தன் பெயரை வாசித்துக்கொண்டிருந்தபோதே டாக்டரம்மா இறங்கி ஓடிவந்தார். தங்கையைப் பார்த்ததும் "இவங்களை யார் வீட்டுக்கு அனுப்புனது?" என்று மட்டும் கேட்டார். வந்திருந்த வெளிநாட்டு மருத்துவர் ஒருவரும் பின்னாலேயே வந்து, தங்கையின் தலை மோதாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டார். காலியான, பூந்தொட்டி வைத்த வார்டில் அவளைப் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். உயிர் தங்கியது. பார்வை திரும்பச் சில நாட்கள் ஆயின. அதுவரை குழந்தையை அவள் கையால் தடவித்தான் பார்த்தாள்.

6. விருதை மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வாங்கிக்கொண்டார். அது இப்போது அவர் அறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. டாக்டரம்மாவுக்குக் கிடைத்தது மெமோ. அனுமதியின்றி மேடையை விட்டு இறங்கி, சிறப்பு விருந்தினரை அவமதித்தாராம். இதைக் கேட்டபோது என் காதையே நான் நம்பவில்லை. எந்த ஆய்வைப் பாராட்டக் கடல் கடந்து வந்தார்களோ, அந்த ஆய்வை அந்த விழாவுக்காகவே தூக்கி எறிந்திருக்கிறார்கள் ஐயா. ஏழை நாட்டின் ஆய்வை வெளியார் மதிக்கிறார்கள். நாம் அதைப் பார்த்து வெட்கப்பட்டு மறைத்துவைக்கிறோம்.

ஆகவே, டாக்டரம்மாவுக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெறவும், வார்டைக் காலி செய்ய உத்தரவிட்டவரை விசாரிக்கவும், ரத்த அழுத்தம் உள்ள தாயை அந்த மூன்று நாளுக்குள் யார் வருகைக்காகவும் வெளியே அனுப்பக்கூடாது என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் ஆணையிடவும் வேண்டுகிறேன். விருதை அதற்கு உரியவர் கையில், அந்த வார்டிலேயே, தாய்மார் முன்னிலையில் கொடுக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று உண்டு. அன்று என் தங்கையோடு இன்னும் பல தாய்மார் கைக்குழந்தையும் மூட்டையுமாக வாசலைக் கடந்து போனார்கள். வெகுதூரத்துக்குப் பேருந்து ஏறியவர்களை நான் பார்த்தேன். அவர்கள் என்ன ஆனார்கள் என்று மருத்துவமனையில் கேட்டேன். தெரியாது என்றார்கள். தயவுசெய்து இன்றைக்கே ஆள் அனுப்பி அவர்களைத் தேடச் சொல்லுங்கள்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

(ஒப்பம்)
வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு தாயின் அக்காள்

நாள்: திங்கட்கிழமை
இடம்: மகளிர் மருத்துவமனை எதிர்வரிசைக் கடை