எல்லார் எதிரிலும் ஒரு திருத்தம்

ஹெப்பகோடி
8.6.2003

அன்பு மங்களத்துக்கு,

சுகமாக இருக்கிறேன். ஐந்து மாதம் கழித்து எழுதுகிற மனுஷனுக்கு இப்போது என்ன வேண்டுமாம் என்று கேட்பாய். வேண்டியிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

பொம்மசந்திரா கம்பெனியில் வாட்ச்மேனாக இருக்கிற என்னை செக்யூரிட்டி சூப்பர்வைசர் ஆக்கப் பார்க்கிறார்கள். 29ஆம் தேதி இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதிக் காட்ட வேண்டும். ஞாயிறுதோறும் வகுப்புக்குப் போகிறேன். அட்ஜெக்டிவ், அட்வெர்ப் என்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. திருடன் 'ஃபாஸ்ட்லி' ஓடினான் என்று எழுதினேன். வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவரிடம் கேட்க வெட்கமில்லை. உன்னிடம் கேட்கத்தான் வெட்கம். உன் அண்ணன் வீட்டுப் பொங்கல் விருந்தில் நான் "ஐ ஸ்பீக் வெரி குட்" என்றதும், "குட் இல்லீங்க, வெல்" என்று எல்லார் எதிரிலும் சொன்னாய். அத்தனை பேரும் சிரித்தார்கள். தங்கச் சுரங்கத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவனுக்கு அன்றைக்குத்தான் மூச்சு முட்டியது. மறுநாளே இங்கே ரூம் பார்த்தேன்.

இருந்தாலும் எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை. எழுது.

அசோகன்

*

ராபர்ட்சன்பேட்டை
13.6.2003

என்னங்க,

கவர் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு லேட்.

முதலில் பாடம். ஆள் எப்படி, பொருள் எப்படி என்று சொன்னால் அட்ஜெக்டிவ். செய்கிற காரியம் எப்படி என்று சொன்னால் அட்வெர்ப். நீங்கள் 'கேர்ஃபுல்' ஆள்; கேட்டை 'கேர்ஃபுல்லி' பூட்டுகிறீர்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் 'லி' ஒட்டாது. 'ஃபாஸ்ட்' எங்கே போனாலும் ஃபாஸ்ட்தான். என் அஞ்சாம் கிளாஸ் பிள்ளைகளும் இப்படித்தான் ஒட்டுகிறார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது நான். அன்றைக்குச் செய்தது தப்பு. அதை உங்களுக்கு மட்டும் எழுதினால் போதாது என்று தோன்றியது. நேற்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம், எல்லாரும் இருந்தார்கள். "அன்னிக்கு நான் அவரை அப்படிச் சொன்னது தப்பு, நீங்க சிரிச்சதும் தப்பு" என்று சொல்லிவிட்டேன். அண்ணி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் சாப்பிடாமலே கிளம்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரைநாள்தான். மத்தியான ரயிலில் வந்து சொல்லித்தரட்டுமா? யாருக்கும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு திருத்துகிறேன். வேண்டாம் என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

உங்கள் மங்களம்

*

ஹெப்பகோடி
16.6.2003

மங்களம்,

கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பாடம் பாதிதான் ஏறியது. அத்தனை பேர் நடுவில் நீ தனியாக நின்றதை நினைத்தால் தாங்கவில்லை.

சனிக்கிழமை ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏறி வா, இங்கே பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். கதவைச் சாத்த வேண்டாம். ரூமுக்கு வெளியே ஒரு பெஞ்சு இருக்கிறது, அதிலேயே உட்கார்ந்து திருத்து. என் பெண்டாட்டி டீச்சர் என்று பக்கத்து ரூம்காரர்கள் எல்லாரும் பார்க்கட்டும்.

அசோகன்