பத்துக்கு ஒன்று

மார்ச் 4, புதன்

காலைச் செய்தி முடிந்ததும் என் ஐந்து நிமிடம். வானிலைக்குப் பிறகு, விளம்பரத்துக்கு முன்னால். நாட்டில் பேர் வாங்கியவர்கள் எல்லோரும் அந்த ஐந்து நிமிடமும் என் முன்னால் கைகட்டி நிற்பார்கள். நான் பத்துக்கு மார்க் போடுவேன். இந்த வேலைக்கு வானொலியில் சம்பளமும் தருகிறார்கள் என்பது எனக்கே இன்னும் நம்பமுடியாத செய்தி.

இன்று மூன்று பேர். மூன்றாவது கல்யாணத்தன்று "இதுதான் என் முதல் காதல்" என்று பேட்டி கொடுத்த நடிகருக்கு நாலு. ஞாபகத்துக்குக் கழித்து, தைரியத்துக்குக் கூட்டினேன். தோற்ற கோபத்தில் மட்டையைத் தரையில் அடித்து உடைத்த டென்னிஸ் வீராங்கனைக்கு ஆறு. ஆட்டம் முழுக்க அவர் சரியாக அடித்தது அது ஒன்றைத்தான். நேற்று பந்தைக் கால்களுக்கு நடுவே விட்டுவிட்ட நம் தேசிய அணி கோல்கீப்பருக்கு ஒன்று. "அதுவும் நேரத்துக்கு மைதானத்துக்கு வந்ததற்காக" என்றேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தயாரிப்பாளர் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். எந்நேரமும் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுவதால் அவளுக்குக் 'கடிகாரம்' என்று பெயர் வைத்திருக்கிறேன். கடிகாரம் சிரித்துவிட்டால் ஊரே சிரித்த மாதிரி.

விளையாட்டில் என் தகுதி என்னவென்றால், போன மாதம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். பஸ் ஜெயித்தது.

சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்தாள். குழந்தைகள் வார்டில் நர்ஸ். நிகழ்ச்சியை அங்கேயே கேட்டிருக்கிறாள். பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

"அந்தப் பையன் அதுக்கு முன்னாடி எத்தனை பந்தைத் தடுத்தான்னு பார்த்தீங்களா?"

"முழு ஆட்டத்தை எங்க பார்த்தேன்? அந்தத் துண்டை மட்டும் போன்ல பார்த்தேன்."

"ஓ" என்றாள். இத்தனை வருடக் குடித்தனத்துக்குப் பிறகும் அந்த 'ஓ'வுக்கு எனக்குச் சரியாக அர்த்தம் தெரியாது.

மார்ச் 5, வியாழன்

பாடகரின் புதிய தலைமுடிக்கு மூன்று. என்னுடையதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

மார்ச் 7, சனி

துவைக்கும் இயந்திரத்திலிருந்து துணியை எடுத்தபோது ஒரு ஜோடி கையுறை வந்தது. பெரியது, தடிமனானது, உள்ளங்கையில் ரப்பர். என்ன இது என்றேன். "வார்டுல பிள்ளைங்களுக்கு விளையாட்டுக் காட்ட" என்றாள். முட்டியில் நீலமாகக் கன்றியிருக்கிறதே என்றேன். "கட்டில் இடிச்சுது."

சரி என்று விட்டுவிட்டேன். ஒரு புகைப்படத்தைப் பார்த்து, அதில் சிரித்துக்கொண்டிருக்கும் கதாநாயகனுக்கும் நாயகிக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று கண்டுபிடித்து ஐந்து நிமிடம் பேசியவன் நான். என் வீட்டுக் கட்டில் இவ்வளவு இடிக்குமா என்று யோசிக்கத் தெரியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கோல்கீப்பர் நகைச்சுவைக்கு ஏகப்பட்ட வரவேற்பு. "இந்த வாரம் பூரா அவனையே வச்சு ஓட்டுங்க சார்" என்று கடிகாரம் சொல்லிவிட்டாள். ஓட்டினேன். வாசலுக்குத் தாழ்ப்பாள் வேண்டாமா என்றேன். அவர் வீட்டில் கொசுவலை உண்டா என்றேன். இருந்தால் கொசுக்களுக்கு என் வாழ்த்துகள் என்றேன்.

சாப்பிட்டதும் மனைவி சீக்கிரமே படுக்கப் போய்விட்டாள். அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 11, புதன்

தூரத்தில் இருப்பதைப் பார்க்கக் கண் டாக்டர் கொடுத்த கண்ணாடி மேஜை டிராயரிலேயே கிடக்கிறது. போட்டால் வயதானவன் மாதிரி இருக்கிறேன். போடாவிட்டாலும் அப்படித்தான் இருக்கிறேன், ஆனால் எனக்குத் தெரிவதில்லை.

மார்ச் 13, வெள்ளி

மருத்துவமனை செக்யூரிட்டி அதிகாரி போன் செய்தார். ஊழியர்களுக்குள் கால்பந்துப் போட்டி வைத்திருக்கிறார்களாம். நாளை பெண்கள் ஆட்டம். நர்ஸுகளுக்கும் கணக்குப் பிரிவுக்கும். "சார், உங்க நிகழ்ச்சி கேட்காம நான் டியூட்டிக்கே வர்றதில்ல. நீங்க வந்து மைக் பிடிச்சா போதும்."

போதாதா? மனைவி வேலை பார்க்கும் இடத்தில், மனைவிக்குத் தெரியாமல், ஒலிபெருக்கியில் அவள் கணவனின் குரல்! நாளைக்கு வார்டில் டியூட்டி என்று காலையிலேயே சொன்னாள். ஜன்னல் வழியாகக் கேட்டு ஆடிப்போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளிடம் மூச்சு விடவில்லை. நல்ல சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

மார்ச் 14, சனி

எழுதத்தான் வேண்டுமா? எழுதித் தொலைக்கிறேன்.

மருத்துவமனைக்குப் பின்னால் மைதானம். தகரக் கூரைக்குக் கீழே மேஜை, மைக். நர்ஸுகள் பச்சைச் சட்டை, கணக்குப் பிரிவு மஞ்சள். பெயர்ப் பட்டியல் கேட்டேன். "நம்பரைச் சொன்னா போதும் சார்" என்றார் செக்யூரிட்டி. எனக்கு நம்பரும் தெரியவில்லை. பச்சையும் மஞ்சளும் தெரிந்தன. மைதானத்தின் மறுகோடியில், வலைக்கு முன்னால், தொப்பி போட்ட பச்சை ஒன்று தெரிந்தது.

முதலில் ஒழுங்காகத்தான் பேசினேன். யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் சிரிக்காவிட்டால் எனக்கு உள்ளங்கை அரிக்கும். கைக்குக் கிடைத்தது அந்தத் தொப்பி.

"நர்ஸுகள் அணியின் கோல்கீப்பர் பஸ் ஸ்டாப்பில் நிற்பதுபோல் நிற்கிறார். அம்மா, இந்த வழியாகப் பஸ் வராது, பந்துதான் வரும்!"

சிரித்தார்கள். அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில் இல்லை. அவர் குனிந்தால், "சில்லறை விழுந்துவிட்டது போலிருக்கிறது." நிமிர்ந்தால், "கிடைத்துவிட்டது!" இடையில் இரண்டு மூன்று முறை கூட்டம் அந்தப் பக்கம் பார்த்து 'ஆ' என்று கத்திக் கைதட்டியது. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் இல்லை. அடுத்த நகைச்சுவை தயாராக இருந்தது.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கணக்குப் பிரிவு ஒரு பந்தை உதைத்தது. வேகமே இல்லை. உருண்டு, உருண்டு, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே போய், தொப்பியின் கால்களுக்கு நடுவே நுழைந்து வலைக்குள் உட்கார்ந்தது. எனக்கே தெரிகிற அளவுக்கு மெதுவாகப் போயிற்று.

"வாசலைத் திறந்து வைத்து, 'வாங்க, உட்காருங்க' என்று உபசரித்திருக்கிறார்! பத்துக்கு...?"

"ஒன்று!" என்றது கூட்டம் முழுவதும்.

கோல்கீப்பர் தொப்பியைக் கழற்றினார். முழங்கையால் முகத்தைத் துடைத்தார். இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கி இருந்த பக்கம் திரும்பி நின்றார்.

ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் வீட்டில் ஒருத்தி இப்படித்தான் நிற்பாள். இதற்குக் கண்ணாடி வேண்டாம். இந்த இடுப்பையும் கையையும் நான் எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

"ஐயோ" என்றேன். மைக் திறந்திருந்தது. நாலு ஒலிபெருக்கியும் சேர்ந்து ஐயோ என்றன. அதற்கும் சிரித்தார்கள், பாவிகள்.

ஆட்டம் முடிந்ததும் என் மேஜையைக் கடந்து போனாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "வீட்டுச் சாவி வச்சிருக்கீங்களா?" என்றாள். இருக்கு என்றேன். "சரி."

செக்யூரிட்டி என் கையைக் குலுக்கினார். "பிரமாதம் சார். மேடம்தான் கோல்கீப்பர்னு தெரிஞ்சே கலாய்ச்சீங்க பாருங்க, அதுக்கு ஒரு மனசு வேணும்."

மார்ச் 15, ஞாயிறு

கையுறை அலமாரிக்கு மேலே, பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டது. அவள் அணித் தலைவிக்குப் போன் செய்து இனிமேல் வர மாட்டேன் என்று சொன்னதை அடுத்த அறையிலிருந்து கேட்டேன்.

தெரியாமத்தானே செஞ்சேன் என்றேன். கண்ணு தெரியல என்றேன். நீ சொல்லியிருக்கலாமே என்றேன். கடைசியில் சொன்னதுதான் தப்பு.

"எதைச் சொல்ல? நாப்பத்தெட்டு வயசுல பந்து பிடிக்கப் போறேன்னா? சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? மறுநாள் காலைல ஊரே கேட்டிருக்கும். இந்த வீட்டுல வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி பத்துக்கு எவ்வளவு வரும்னு யோசிக்க வேண்டியிருக்கு."

"அப்படியெல்லாம் யாரு..."

"உங்க பொண்ணு டிரைவிங் டெஸ்ட்ல மூணு வாட்டி ஃபெயில். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் வாரம் தவறாமல் எனக்குப் போன் செய்கிறாள். வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று பேசுகிறோம். கார் கற்றுக்கொள்வதே எனக்குத் தெரியாது.

"அப்பாட்ட மட்டும் சொல்லிடாதம்மான்னா. நானும் சொல்லல" என்றாள்.

என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்களா? என்னையா? கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலி மேல் ஏறி நிற்கும் என்னையா?

மார்ச் 16, திங்கள்

எந்த நடிகருக்கு எவ்வளவு போட்டேன் என்று ஞாபகமில்லை. கடிகாரம் சிரித்தாள். அதுவும் ஒரு மாதிரி எரிச்சலாக இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

நாளைக்கு ரேடியோவில் உன்னிடம் மன்னிப்பு கேட்கட்டுமா என்று மனைவியிடம் கேட்டேன். எழுதியும் வைத்திருந்தேன், நன்றாக வந்திருந்தது, நடுவில் ஒரு இடத்தில் எனக்கே கண் கலங்கியது.

"மைக்லயா? வேண்டாம். அதுவும் ஒரு நிகழ்ச்சிதான்."

எழுதியதைக் கிழித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், கிழிப்பதற்கு முன்னால் இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கிழித்தேன். இப்படிப்பட்ட ஆளோடுதான் அவள் குடித்தனம் நடத்துகிறாள்.

மார்ச் 18, புதன்

சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். நர்ஸுகள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அணித் தலைவி ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவு. அவர் பார்த்தாலே பாதி மயக்கம் வரும். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன்.

"மன்னிப்பை வச்சு நான் என்ன பண்றது சார்? இருபத்தெட்டாம் தேதி அடுத்த ஆட்டம். எனக்குக் கோல்கீப்பர் இல்ல. உதைச்சுப் பழகவாவது அங்க ஒரு ஆள் நிக்கணும்." வலையைக் காட்டினார். "நில்லுங்க."

நின்றேன், ஆபீஸ் செருப்போடு.

வலைக்கு முன்னால் நின்று பார்த்தால் உலகம் வேறாக இருக்கிறது. பின்னால் இருக்கும் வாசல் கல்யாண மண்டபத்து வாசல் அளவுக்கு அகலம். முன்னால் வருவது பந்து இல்லை, கோபம். முதல் பந்து எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டாவது வயிற்றில். மூன்றாவதுக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் ஒன்று மெதுவாக உருண்டு வந்தது. இதைப் பிடித்துவிடலாம் என்று நன்றாக யோசித்து, நிதானமாகக் குனிந்தேன். கால்களுக்கு நடுவே போய்விட்டது.

"பத்துக்கு ஒண்ணு சார்!" என்று ஒருத்தி கத்தினாள். "அதுவும் வந்ததுக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். என் நகைச்சுவைதான், நல்ல நகைச்சுவைதான். காது சுட்டது. குனிந்து பந்தை எடுக்கும்போது தரையை விட்டு நிமிரவே மனம் வரவில்லை. அன்று மனைவி தொப்பியைக் கழற்றி என் பக்கம் திரும்பி நின்றாளே, அதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

மார்ச் 19, வியாழன்

மறுபடியும் போனேன். உடம்பில் வலிக்காத இடம் காது மடல் மட்டும். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 23, திங்கள்

இன்று ஒரு பந்தைத் தடுத்தேன்! அதாவது, அது என் மேல் பட்டது.

குழந்தைகள் வார்டு ஜன்னல் இரண்டாவது மாடியில் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கை ஆட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளையாக ஓர் உருவம் நின்றது. யாரென்று தெரியவில்லை. கை இடுப்பில் இல்லை, அதனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் மேஜை மேல் தசைவலிக் களிம்பு இருந்தது. தடவிக்கொண்டேன்.

மார்ச் 25, புதன்

நேற்றும் தேசிய அணி தோற்றது. கோல்கீப்பர் இரண்டு கோல் விட்டார். ஸ்டூடியோவில் கடிகாரம் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் நேற்று முழு ஆட்டத்தையும் பார்த்திருந்தேன். அதைத்தான் சொன்னேன். எந்தெந்தப் பக்கம் பாய்ந்தார், எதை விரல் நுனியால் தள்ளினார், இரண்டாவது கோலுக்குப் பிறகு வலைக்குள் போய்ப் பந்தைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் வந்து நின்றார் என்று. மார்க் போடவில்லை. மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நேரத்துக்குப் பாட்டுப் போட்டார்கள்.

"சார், உடம்பு சரியில்லையா?" என்றாள் கடிகாரம். உடம்பெல்லாம் வலி என்றேன். உண்மைதானே.

மார்ச் 26, வியாழன்

மகள் போன் செய்தாள். "அப்பா, ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது." நாலாவது டெஸ்டிலும் ஃபெயில். பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் இடித்துவிட்டாளாம். எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதற்குள் அவளே சிரித்துவிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம்.

மார்ச் 27, வெள்ளி

காலையில் துணி காயப்போடப் போனேன். கொடியில், என் சட்டைக்குப் பக்கத்தில், அந்தக் கையுறை இரண்டும் கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. ஈரம் சொட்டியது.

உள்ளே வந்தேன். அவள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்கு நாலு மணிக்கு ஆட்டம். வரணும்னா வாங்க. மைக் பக்கம் போகக் கூடாது."

"போகல."

"கண்ணாடி போட்டுட்டு வாங்க."

மார்ச் 28, சனி

தோற்றுவிட்டார்கள், மூன்று கோல். அதற்கு முன்னால் அவள் தடுத்ததையெல்லாம் பார்த்தேன். ஒன்று விடாமல் பார்த்தேன். ஒரு பந்துக்கு இடது பக்கம் முழு உடம்போடு பாய்ந்தாள். கட்டிலில் கூட அவள் இப்படி விழுந்து நான் பார்த்ததில்லை.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வருகிறது. திங்கட்கிழமை ஐந்து நிமிடத்துக்கும் பாட்டுப் போடச் சொல்லிக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.