அஞ்சாம் நாள் மண்டகப்படி

இன்று காலை பீரோவின் அடித்தட்டை ஒதுங்க வைக்கும்போது அந்தக் கறுப்புக் குடைத்துணி கையில் சிக்கியது. உதறினேன். மூன்று தடவை அலசிய துணிதான். ஆனாலும் உன் இரட்டைத் தையலுக்குள் ஒளிந்திருந்த ராஜஸ்தான் மணல் தரையெல்லாம் கொட்டியது. பெருக்க மனசு வரவில்லை என்றெல்லாம் எழுதமாட்டேன். பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வாரத்துக்கு மூன்று நாள் கம்பத்திலிருந்து தேனிக்கு பஸ்ஸில் டயாலிசிஸுக்குப் போனோமே, உரக்கடையைப் பூட்டிவிட்டு நானும் துணைக்கு வருவேனே. போகும்போது ராணி மாதிரிப் போவாய். திரும்பும்போதுதான் பாடு. ஜன்னலோரம் கிடைத்துக் காற்று முகத்தில் அடித்தால் பிழைத்தாய். இல்லாவிட்டால் சின்னமனூர் தாண்டுவதற்குள் குமட்டல் வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாய். ஒருநாள் ஜன்னலோரம் இருந்த ஆளிடம் நான் சண்டைக்கே போய்விட்டேன். “விடுடி, அவுகளும் டிக்கெட்டு வாங்கித்தேன் உக்காந்துருக்காக” என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். உன்னைப் போன்றவர்களுக்கென்று ஒரு வேன் வாங்கியே தீருவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ஓட்டம். பாலைவனத்தில் ஐந்து நாள் ஓட்டம் இருக்கிறது, சாப்பாடு, படுக்கை எல்லாம் முதுகில் சுமந்து ஓட வேண்டும், நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டப் பலர் ஓடுகிறார்கள் என்று சொன்னேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். “ஓடு. ஆனா சும்மா ஓடுனா யாருடி குடுப்பாக? வீரபாண்டித் திருவிழா மாதிரி நாளுக்கொரு மண்டகப்படி போடு, ஒவ்வொரு நாளையும் ஒவ்வொருத்தரு ஏத்துக்கிரட்டும்” என்றாய். ஆத்தாடி, என்ன மூளை உனக்கு! முதல் நாள் திராட்சைத் தோட்டக்காரர்கள், இரண்டாம் நாள் வாழை மண்டி, மூன்றாம் நாள் ஜீப் டிரைவர்கள், நான்காம் நாள் நம் தெருப் பெண்கள். அந்தந்த நாள் ஓட்டத்தை முடித்தால்தான் அந்தந்த நாள் பணம்.

ஐந்தாம் நாளை நீ யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. டப்பாவில் கிடந்த இடக்கைத் தங்க வளையலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாய். “ஊசி குத்துற கையில வளையல் கூடாதுன்னுட்டாக. சும்மா கெடக்குறது வேனுக்காச்சும் ஆகட்டும். நீ ஓடி முடிக்கலேன்னா திருப்பிக் குடுத்துரணும், ஆமா.” பழைய குடையைப் பிரித்து, ஷூவுக்குள் மணல் போகாதபடி விரல்நுனியிலிருந்து கணுக்கால்வரை மூடும் உறையையும் தைத்துக் கொடுத்தாய். நான் கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது நீ போய்விட்டாய். வளையலைக் கொடுக்கப் போனேன். உன் வீட்டுக்காரர் வாங்கவில்லை. “அவ சொன்னது சொன்னதுதேன். ஓடிட்டு வாங்க” என்றார்.

முதல் இரண்டு நாளும் பிரமாதமாக ஓடினேன். மூன்றாம் நாள் மதியம் புத்தி கெட்டது. பழனிப் பாதயாத்திரையில் கால் கொப்புளம் போட்டால் என்ன செய்வோம்? செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலில் நடப்போம். அந்தப் பழக்கத்தில் ஷூவைக் கழற்றி, கொதிக்கிற மணலில் காலை வைத்தேன். தை மாதத்துத் தார் ரோடா அது! பாதம் பொரிந்து வீங்கிவிட்டது. நான்காம் நாளை எப்படியோ இழுத்து முடித்தேன். ஐந்தாம் நாள் காலையில் ஷூவுக்குள் கால் நுழையவே இல்லை. முகாம் டாக்டர் பார்த்துவிட்டு, நாலு நாள் ஓடியதே பெரிது, போதும் என்றார். ஊராரின் மண்டகப்படியெல்லாம் முடிந்து உன்னுடையது மட்டும் நின்றது. அழுதேன். ஆமாம், எல்லாரும் பார்க்கத்தான் அழுதேன்.

அப்போதுதான் நாம் போன ஒரு பாதயாத்திரையில் ஒட்டன்சத்திரத்தில் நடந்தது நினைவுக்கு வந்தது. புது ஷூ கடித்து நான் நொண்டிக்கொண்டிருந்தபோது, தையல்காரிக்கே உரிய திமிரோடு பையிலிருந்து கத்தரியை எடுத்து, அதன் முன்பக்கத்தை வெட்டி எறிந்தாயே.

“அடிப்பாவி, புது ஷூடி!”

“காலைப் புதுசா வாங்க முடியுமா?”

கத்தியை எடுத்தேன். இரண்டு ஷூவின் முன்பக்கத்தையும் அறுத்தேன். விரல்கள் வெளியே துருத்தின. அதன்மேல் உன் குடைத்துணியை இழுத்து மூடினேன். கச்சிதம். நடந்து காட்டச் சொன்னார் டாக்டர். நடந்தேன். தலையில் அடித்துக்கொண்டு வழிவிட்டார். ஓட்டமும் நடையுமாகக் கடைசி ஆளாய் வந்து சேர்ந்தேன். எனக்கு வெட்கமே இல்லை. தேர் நிலைக்கு வந்துவிட்டதல்லவா?

வேனுக்குப் பாடி கட்டியவர் பன்னிரண்டு சீட்டு போடலாம் என்றார். நடுவில் வழி விட்டு, பக்கத்துக்கு நாலு ஒற்றைச் சீட்டுப் போதும் என்றேன். “நாலு பேரு கூடப் போகலாம்லக்கா, எடத்தை வீணாக்குறீகளே?” என்று கேட்டார்.

“ரெண்டு நடை அடிச்சுக்கிருவோம். நீங்க நாஞ் சொன்னபடி போடுங்க.”

நேற்றும் துணைக்குப் போயிருந்தேன். திரும்பும்போது சின்னமனூர் தாண்டியும் யாரும் முந்தானையால் வாயைப் பொத்தவில்லை. எட்டுச் சீட்டு. எட்டும் ஜன்னலோரம்டி.