அந்தத் திருப்பத்தில் அப்பா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம் என்றுதான் தொடங்க வேண்டும், அப்படியே வைத்துக்கொள். கச்சேரி எப்படிப் போனது என்று போனில் கேட்டாய். அப்பா பக்கத்திலேயே இருந்தார், பிரமாதம் என்றேன். சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

முதல் பாதியில் சிம்பொனி. உலகத்துக் காதல் தோல்வியெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அழுவது போல நாலு பகுதி. கோரஸ்காரர்கள் நாங்கள் மேடையின் பின்பலகையில் முதுகு ஒடிய உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்துத் தையற்கார அக்கா தூங்கியே விட்டாள். முழங்கையால் இடித்து எழுப்பினேன்.

இரண்டாம் பாதி உனக்கே தெரியும். முதலில் பியானோ மட்டும், பிறகு இசைக்குழு, கடைசியில்தான் நாங்கள் எழுந்து பாடுவோம். அதுவரை இருமக்கூடக் கூடாது. அப்பா வழக்கம்போல நோட்ஸ் தாள் இல்லாமல், மனப்பாடமாகவே வாசிக்கப் பியானோமுன் உட்கார்ந்தார். ஆரம்பம் தேன். இசைக்குழுவுக்கு வழிவிடும் அந்தத் திருப்பம் வந்ததும், அதைத் தாண்டாமல், வாசித்த பகுதிக்கே பின்னால் போய்விட்டார். மறுபடி வந்தார். மறுபடி போனார். சபைக்குத் தெரியவில்லை, தோன்றியதை வாசிப்பது போலவே எழுதிய இசை அது. எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமாகச் சமையலறையிலிருந்து கேட்கிறேன். அடுத்த சுரம் என் தொண்டையிலேயே நின்றது. கூப்பிடு தூரத்தில் அவர் முதுகு. கூப்பிடத்தான் முடியவில்லை.

இசை நடத்துநர் நல்ல மனிதர். சட்டென்று கையை உயர்த்தி இசைக்குழுவை உள்ளே கொண்டுவந்தார். அப்பா அதைப் பிடித்துக் கரையேறினார். நாங்களும் பாடி முடித்தோம். ஒரே கைதட்டல்.

வீட்டுக்கு வந்து அப்பா ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "அந்தாளுக்கு வயசாயிடுச்சு, நான் முடிக்கிறதுக்குள்ள பூந்துட்டாரு. நீ பின்னாடிதானே இருந்தே, நீயே சொல்லு" என்று நடத்துநரைச் சொல்லிக் குதித்தார். ஆமாம், அவர்தான் அவசரப்பட்டுவிட்டார் என்றேன். வேறு என்னடா சொல்வேன்?

வரும் சனிக்கிழமை இதே கச்சேரி மறுபடியும் இருக்கிறது. நோட்ஸைப் பார்த்து வாசிக்கட்டும், இல்லையென்றால் வேறு ஆளைத்தான் கூப்பிட வேண்டும் என்று நடத்துநர் என்னிடம் தனியாகச் சொன்னார். நோட்ஸை எடுத்துப் பியானோமேல் வைத்தேன். "எனக்கா?" என்று மூடி, அதன்மேல் டீக் கோப்பையை வைத்துவிட்டார்.

சின்ன வயதில் நீதானே அவருக்குப் பக்கம் புரட்டுவாய். நீ வந்து விரித்து வைத்தால் வேண்டாமென்று சொல்ல மாட்டார். பிள்ளை ஆசைப்படுகிறான் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொள்வார். லீவு கிடைக்காது என்பாய். தெரிந்தும்தான் கேட்கிறேன்.

இதோ, உள்ளே வாசித்துக்கொண்டிருக்கிறார். அந்தத் திருப்பத்துக்கு வந்துவிட்டார். கொஞ்சம் பொறு.

இல்லை. பின்னால் போகிறார்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் நினைவு கடைசிவரை உன்னோடு இருக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் வந்துவிடு, கண்ணா.

அம்மா