நடந்து வருகிற பாட்டுகள்

அன்புள்ள வினோ அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே அக்கா, உன் காலில் விழுந்து கேட்கிறேன். மடத்து மதரிடம் காட்டாதே, உன்னோடு தங்கியிருக்கும் பெண்களிடமும் காட்டாதே, படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. தபாலில் வருவதை மதர் பிரித்துப் படித்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும் என்று நீ கடைசியாக வீட்டுக்கு வந்தபோது சொன்னாயே, அதனால்தான் தபாலில் போடவில்லை. நாளைக் காலையில் ராஞ்சிக்குக் கிளம்பும் நம் கோவில் சிஸ்டரிடம் முறுக்குப் பொட்டலத்துக்குள் வைத்துக் கொடுக்கப் போகிறேன். இங்கே எல்லாரும் சுகம், மாதா கிருபையால் நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் ஆரம்பிப்பேன், இந்த முறை முதல் பாதியை எழுதக் கை வரவில்லை. இது அம்மா உனக்கு எழுதும் கடிதம். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தானே தெரியும், உப்பளத்து வரப்பிலும் அடுப்படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு இப்போது எழுதுகிறேன். அப்பா தண்ணீர் இறைக்கும் என்ஜினைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார், அம்மா களைத்துப்போய்த் தூங்குகிறாள், வெளிச்சம் வெளியே தெரியாமல் சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

இந்த வருஷம் கோடைமழை இன்னும் வரவில்லை, உப்பு நன்றாக விளைகிறது, அம்மாவின் குதிகால் வெடிப்புதான் ஆறவே மாட்டேன் என்கிறது. எனக்குப் பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டது, கணக்கு மட்டும் பயமாக இருக்கிறது. நீ தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, உபவாசம் என்று வயிற்றைக் காயப்போடுகிறாயா என்று அம்மா கேட்கிறாள். போன மாதம் போனில் நீ ஒன்று கேட்டாயே, அப்பா ஏன் என்னோடு பேசுவதே இல்லை, இரண்டு வார்த்தையில் அம்மாவிடம் கொடுத்துவிடுகிறாரே, நான் மடத்துக்கு வந்தது இன்னும் கோபமா என்று. அம்மா அதெல்லாம் இல்லடி என்று மழுப்பிவிட்டு, போனை வைத்த பிறகு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கோபம் இல்லை அக்கா. அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. பக்கத்தில் நின்று முகம் பார்த்துப் பேசினால் சமாளிக்கிறார், போனில் உன் குரல் அவருக்குச் சுத்தமாக விழுவதில்லை. எங்களுக்கே இந்த ஈஸ்டர் அன்றைக்குத்தான் தெரிந்தது, அதுவும் நம் பாட்டு விளையாட்டில்.

உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பா பாட்டுகளை இரண்டாகப் பிரிப்பார். எடுத்த எடுப்பில் தடதடவென்று அடிப்பது வீட்டுக்குள்ளே குதிக்கிற பாட்டு. முதலில் ஒன்றுமே இல்லாமல், அப்புறம் கொசு பறப்பது போல ஏதோ ஒன்று, அப்புறம் அது வயலினா தபேலாவா என்று புரியும்படி மெல்ல மெல்லப் பெரிதாகி வருவது நடந்து வருகிற பாட்டு. அந்தச் சிவப்பு ரேடியோவை வாங்கியதும் மெமரி கார்டில் நடந்து வருகிற பாட்டாகப் பார்த்துப் போட்டுக் கொடுங்கள் என்று அப்பா கேட்க, மொபைல் கடைக்காரர் 'இன்னாது, பாட்டு நடக்குமா? ஏம்பா, காலையிலயேவா?' என்று சாராய வாடை அடிப்பது போல மூக்கைப் பிடித்துக் காட்டினாரே. அப்புறம் நீதான் அவருடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்தையும் கேட்டுக் கேட்டுப் பொறுக்கினாய். தூரத்து ரயில் சத்தத்தோடு வருவது, பெண்கள் கூட்டமாக முனகிக்கொண்டே வருவது, சலங்கையோடு ஒரு வண்டி வருவது. எந்தப் பாட்டு எப்படி முடியும் என்று நமக்குத் தெரியவே தெரியாது, தொடக்கம் மட்டும் அத்தனையும் மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சோற்றுத் தூக்கோடு உப்பளத்துக்குப் போவோம். வெயில் இறங்கிக் காற்றும் அடங்கிய பிறகு அம்மா கொட்டகையில் ரேடியோவோடு உட்கார, நாம் மூன்று பேரும் பாத்திகளைத் தாண்டிக் கடைசி வரப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்போம். யாருக்கு முதலில் பாட்டு கேட்கிறதோ அவர் கை தூக்க வேண்டும். எப்போதும் அப்பா கைதான் முதலில் எழும். நமக்கு ஒன்றுமே கேட்காது, அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு 'வர்றான், வர்றான், இப்பதான் பாண்டி ரோட்டுல, பெரிய முதலியார்சாவடியில இருக்கான்' என்பார். கொஞ்ச நேரத்தில் 'கூனிமேடு வந்துட்டான், டீ குடிக்கிறான்' என்பார். நமக்குக் கேட்கத் தொடங்கும்போது 'நம்ம ஊரு வளைவுல திரும்பிட்டான்டி, வழி விடுங்க' என்று வரப்பிலேயே ஒதுங்கி நின்று காட்டுவார், நீ சிரித்துச் சிரித்து ஒருமுறை உப்புத் தண்ணீரில் விழுந்தாய். அம்மா ஒருநாள் ரேடியோ பாடவே இல்லை என்று நினைத்துக் குமிழைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டாளே, அந்தப் பாட்டு வந்த வேகத்தில் பாத்தியில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறக்க, மேஸ்திரி அய்யனார் லாரி வந்துவிட்டது என்று மண்வெட்டியோடு ஓடி வந்தார். 'தே அந்தோணியம்மா, பாட்டு போடுறியா, வெடி போடுறியா?' என்று அவர் கேட்டதை அப்பா இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக் காட்டுவார். நீ போன பிறகும் நாங்கள் விளையாடினோம். மூன்று பேர் நின்ற வரப்பில் இரண்டு பேர் நின்றோம், அவ்வளவுதான்.

தவக்காலத்தில் நம் வீட்டில் சினிமாப் பாட்டு கிடையாதே, சாம்பல் புதனன்று ரேடியோவைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்ததை ஈஸ்டர் அன்று சாயங்காலம்தான் எடுத்தோம். எனக்குக் காலில் முள் குத்தியிருந்ததால் நான் கொட்டகையில் உட்கார்ந்தேன், அம்மா அப்பாவோடு வரப்பில் போய் நின்றாள். முதல் பாட்டுக்கு அம்மா கை முதலில் எழுந்தது, அப்பா திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் தூக்கினார். 'ஐயே, இன்னிக்கு நான்தான் ஃபர்ஸ்ட்டு' என்று அம்மா சின்னப் பிள்ளை போலக் குதித்தாள். இரண்டாவது பாட்டுக்கும் அப்படியே. மூன்றாவதற்குக் கார்டு சிக்கிக்கொண்டது, நான் அதை வெளியே எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா தலையில் கட்டிய துணியைச் சரி செய்யக் கையைத் தூக்கினாள். உடனே அப்பா கையைத் தூக்கி, 'வந்துட்டான், வந்துட்டான், கூனிமேடு தாண்டிட்டான்' என்றார். கார்டு என் கையில் இருந்தது அக்கா. அம்மா அங்கிருந்து என்னைப் பார்த்தாள், நான் கார்டைத் தூக்கிக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். அம்மாவும், ஆமாங்க, வளைவுல திரும்பிட்டான் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கி நின்றாள்.

அதோடு போயிருந்தால் அம்மா உன்னைக் கலக்கியிருக்க மாட்டாள். போன வெள்ளிக்கிழமை உப்பு ஏற்ற வந்த லாரி பின்பக்கமாக வந்தது, அப்பா குனிந்து கூடையில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். க்ளீனர் லாரியைத் தட்டித் தட்டிக் கத்தினான், நாங்களும் கத்தினோம், அப்பா நிமிரவே இல்லை. அய்யனார் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இருவரும் உப்புக் குவியல் மேல் விழுந்தார்கள். 'யோவ் மரியதாசு, செவுடா நீ? சாவறதுக்கு என் அளம்தான் கெடச்சுதா?' என்று அவர் கத்த, அப்பா சிரித்துக்கொண்டே 'காத்து அந்தப் பக்கம் அடிக்குது மேஸ்திரி, காதுல உழல' என்றார். அன்றைக்குக் காற்றே இல்லை. அம்மாவால் அதன் பிறகு கூடையைத் தூக்க முடியவில்லை. சாயங்காலம் அப்பா என்னை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி, 'அக்காகிட்ட மூச்சு உடக் கூடாது. கன்னியாஸ்திரியா வார்த்தைப்பாடு குடுக்கப் போற நேரம், கேட்டா எல்லாத்தையும் போட்டுட்டு ரயில் ஏறி வந்துரும்' என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் பண்ணிவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன், 'சத்தியம் பண்ணது நீ, எழுதச் சொல்றது நான். பாவம் என் தலையில உழட்டும், நீ எழுதுடி' என்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் வார்த்தைப்பாட்டை அப்பாவுக்குப் புரியும்படி தமிழில் சொல்ல அனுமதி வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாயே, அப்பா அந்த வார்த்தைகளைக் கோவில் சிஸ்டரிடம் எழுதி வாங்கி என்ஜின் கொட்டகையில் வைத்துப் படிக்கிறார். உன் வாய் அசைகிறதை வைத்தே எந்த இடம் என்று பிடித்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொன்னாராம்.

அதனால் அம்மா சொல்வதைக் கேள். நீ கிளம்பி வரக் கூடாது, அதை முதலில் எழுதச் சொன்னாள். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. போனில் நீயே கவனித்துக் கண்டுபிடித்ததாக எழுது. உன் வார்த்தைப்பாட்டுக்கு ராஞ்சி ரயில் ஏறுவதற்கு முன் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் காதைக் காட்டியே ஆக வேண்டும், அதுவரைக்கும் லாரி ஏற்றுகிற இடத்துக்குப் போகக் கூடாது என்று கண்டித்து எழுது. நாங்கள் சொன்னால் காதில் அழுக்கு, எண்ணெய் விட்டால் சரியாகும் என்று நழுவுகிறார். 'வினோ சொன்னா போப்பாண்டவரே சொன்ன மாதிரி, மறு பேச்சு கெடையாது' என்கிறாள் அம்மா. டாக்டர் மிஷின் வைத்தால் கேட்கும் என்று சொன்னால் உன் குரலை அவர் கேட்க வேண்டும், அம்மாவுக்கு வேறு ஆசை இல்லை. குளிர் போய்விட்டது என்று ஸ்வெட்டரை யாருக்காவது தானம் செய்துவிடாதே, முறுக்கில் பாதியாவது நீ தின்ன வேண்டும். மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாள், உன் நெற்றியில் தன் கையால் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள் என்று அம்மா சொன்னாள், சொல்லும்போது காற்றில் போட்டும் காட்டினாள்.

இப்படிக்கு,
அம்மா அந்தோணியம்மாளுக்காக உன் தங்கை

கதவைத் தட்டுகிறார்கள் அக்கா. யாரு என்று கேட்டேன், பதில் இல்லை. செருமல் சத்தம் கேட்கிறது, அப்பாதான், அதற்குள் வந்துவிட்டார். வர்றேன்பா என்றேன். இன்னும் சத்தமாகச் சொன்னேன், அம்மாகூட எழுந்துவிட்டாள். தட்டிக்கொண்டே இருக்கிறார்