யார் கொன்றது என்று அம்மா கேட்கவில்லை

என் செல்வி அக்காவுக்கு,

மறுபடியும் மர்மக் கதை படிக்கிறேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வாடகை நூலகத்து நாவலின் கடைசி அத்தியாயத்தை ஊக்குக் குத்தி மூடிவிடுவாய். "கொலகாரன் யாருன்னு சொல்லு, அப்பதான் எடுப்பேன்." நான் சொன்னதெல்லாம் தப்பு. "உன்ன போலீஸ்ல சேத்தா கடலூர்ல ஒரு திருடனும் மாட்ட மாட்டான்டி" என்று சிரிப்பாய்.

காய்ச்சல் என்றுதான் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என்ன காய்ச்சல் என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. நீ வீடு திரும்பவில்லை. அதன்பின் அந்தப் புத்தகங்களைக் கண்டாலே எரிச்சல். எவளோ ஒருத்தி செத்ததற்குப் பக்கம் பக்கமாக விசாரணை. உனக்காக யார் விசாரித்தார்கள்?

டிகிரி முடித்துவிட்டேன், அக்கா. நம் வீட்டில் முதல் ஆள். இப்போது தினமும் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போகிறேன். அங்கேயும் வாய் திறப்பதில்லை. கூட வேலை செய்யும் லால்பேட்டை நூர்ஜஹான் ஒருநாள் என் மடியில் ஒரு நாவலைப் போட்டாள். "ஊமையாவே இருக்கியே, இதயாச்சும் படி."

திரும்பும் பஸ்ஸில், வேண்டாவெறுப்பாகத்தான் பிரித்தேன். யாரையும் நம்பாமல் ஒவ்வொருவர் பேச்சையும் எடைபோடும் அந்தப் பழைய சுகம்! "ஏம்மா, எறங்கலியா? பாண்டிக்கே போறியா?" என்று கண்டக்டர் கத்தினார்.

கடைசி அத்தியாயத்தில் கை நின்றுவிட்டது. கொலைகாரன் யாரென்று இனி யாரிடம் சொல்லிவிட்டுப் படிப்பது?

வீட்டில் கரண்ட் இல்லை. அம்மா வாசல் வெளிச்சத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நீ போனதிலிருந்து உன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, படித்தவரை கதையைச் சொன்னேன். "அந்தப் பொண்ணோட சித்தப்பன்தாம்மா கொன்னிருப்பான்."

"அத வுடு. அந்தப் பொண்ணு எதனால செத்துச்சின்னு அதுல போட்டிருக்கா?"

"போட்டிருக்கும்மா."

"அப்ப படி."

கடைசி அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்தேன். கொன்றது சித்தப்பன் இல்லை. அம்மா அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. கத்தி கையிலேயே நின்றிருந்தது.

"பரவால்ல" என்றாள். "அதப் பெத்தவளுக்குத் தெரிஞ்சிபோச்சி."

நீ எதனால் போனாய் என்பது எந்தப் புத்தகத்திலும் இருக்காது என்று எனக்குத் தெரியும், அக்கா. நாளைக்கு வேறொன்று கொண்டுவரட்டுமா என்று மட்டும் கேட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவள் போதும் என்று சொல்லும்வரை படித்துக் காட்டுவேன். அவள் உன் பெயரைச் சொல்லி அழும் நாளில், புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன் தங்கச்சி,
மலர்