வெஸ்காட்டின் விலா

ஏப்ரல் 7, 1945. கெராமா தீவுகள், ஜப்பான்
வெஸ்காட் என்ற காவல் கப்பலை இன்று எங்களோடு சேர்த்துக் கட்டினார்கள். ஜப்பானிய விமானம் மோதி, வலப்பக்கம் லாரி நுழையும் அளவுக்கு ஓட்டை. எங்கள் பழுதுபார்க்கும் கப்பலுக்கு வழக்கமான வேலைதான். வெல்டர்களின் மேஸ்திரி பாய்டு சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு வாரத்துல அனுப்பிடலாம்" என்றார்.

ஏப்ரல் 8
நெளிந்த தகட்டை நான்தான் வெட்டினேன். தகடு விழுந்தது. தண்ணீரோடு ஒருவன் சரிந்து வெளியே வந்தான். விளக்குப் பிடித்திருந்த வெஸ்காட்டின் சமையல்காரன் ஏமஸ், "பெர்ரி... டேய் பெர்ரி" என்று அவன் கன்னத்தைத் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான்.
பெர்ரியைத் துணி போர்த்தித் தூக்கிப் போனார்கள்.

ஏப்ரல் 11
ஏமஸ் காபி கொண்டுவந்தான். "வர்ஜில், கொஞ்சம் மெதுவாப் பண்ணேன்."
ஏன் என்றேன்.
"நீ முடிச்சா நாங்க திரும்பச் சண்டைக்குப் போகணும்ல?"
கை நின்றுவிட்டது. இத்தனை கப்பல்களை ஒட்டி அனுப்பினேனே — ஒரு தடவையாவது இதை நினைத்தேனா?

ஏப்ரல் 12
பாய்டிடம் சொன்னேன். திட்டவில்லை. "எல்லாக் கப்பல்லயும் எவனாவது கேப்பான். இவங்க போகலைன்னா பக்கத்துக் கப்பல்காரன் தனியா நிப்பான். டார்ச்சைப் பத்தவை." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

ஏப்ரல் 14
வெஸ்காட் போய்விட்டது.

மே 3
திரும்பி வந்திருக்கிறது! இந்தத் தடவை இடப்பக்கம். நாங்கள் வைத்த தகடு அப்படியே இருக்கிறது. ஏமஸுக்கு இரண்டு கையிலும் தீக்காயக் கட்டு. "உன் வெல்டிங் பாக்கக் கேவலமா இருக்குடா. ஆனா மிதக்குது" என்றான்.

மே 5
எங்கள் கப்பலையும் விமானத்தால் அடித்துவிட்டார்கள். பாய்டு இல்லை.

மே 6
எங்களையா? நங்கூரம் போட்டு நிற்கிற பட்டறையையா? இன்னும் நம்ப முடியவில்லை.
வெஸ்காட்காரர்கள் கயிற்றை வெட்டிக்கொண்டு விலகியிருக்கலாம். ஒருவனும் விலகவில்லை. தண்ணீர்க் குழாய்களை இழுத்துக்கொண்டு எங்கள் தளத்தில் குதித்தார்கள். ஏமஸ் கட்டுப் போட்ட கைகளோடு, குழாயைக் கக்கத்தில் இடுக்கி நெருப்புக்கு எதிரே நின்றான். "போடா அந்தப் பக்கம், செத்துத் தொலையப் போறே!" என்று அவனைத் திட்டினேன். அவனைப் போய் ஏன் திட்டினேன்?

மே 10
பாய்டைக் கரையில் புதைத்தோம். வெஸ்காட் இனிச் சண்டைக்கு ஆகாதாம். அமெரிக்காவுக்கு இழுத்துப் போகிறார்கள். ஏமஸ் வீட்டுக்குப் போகிறான்.

மே 13
எங்கள் ஓட்டையை நாங்களே அடைத்தோம். இப்போது மேஸ்திரி நான்.
மதியம் இன்னொரு காவல் கப்பலைக் கொண்டுவந்து கட்டினார்கள். எத்தனை நாள் ஆகும் என்று அதன் அதிகாரி கேட்டார். அவருக்குப் பின்னால் தளம் கழுவிக்கொண்டிருந்த தாடிக்காரன் ஒருவன், துடைப்பத்தை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தான். பத்து நாள் என்று சொல்லியிருந்தாலும் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள்.
"நாலு நாள்" என்றேன்.
அவன் மறுபடி கழுவத் தொடங்கினான்.